தீவனமும் இனமும்

மூச்சை உள்ளே இழுக்கச் சொல்கிறது காதில் மாட்டியிருக்கும் குரல், இழுக்கிறேன், அடக்கச் சொல்கிறது, அடக்குகிறேன், விடச் சொல்லும் என்று பார்த்தால் சொல்லக் காணோம், அதற்குள் என்னைச் சுற்றி யாரோ தகரக் கூரையில் கல்லெறிகிற மாதிரி சத்தம் தொடங்கிவிடுகிறது. கண்ணை மூடியே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்கேன் எடுக்கிற தம்பி என்னை உள்ளே தள்ளும்போதே சொன்னான். சொன்னதாலேயே திறந்துவிட்டேன். மூக்குக்கு நேர் மேலே வெள்ளையாக ஒரு வளைவு, கையைத் தூக்கினால் முட்டும். வயிற்றின்மேல் கனமாக எதையோ வைத்துப் பட்டையால் இறுக்கியிருக்கிறார்கள். வலது கையில் ஒரு ரப்பர் பந்து, தாங்க முடியாவிட்டால் அதை அமுக்க வேண்டும், அமுக்கினால் வெளியே இழுத்துவிடுவார்கள், ஆனால் எடுத்த படமெல்லாம் கெட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து. விட்டுருங்க என்கிறது குரல். விடுகிறேன். என் ஈரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று இந்த மெஷின் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளியே பெஞ்சில் என் தங்கை கலாமணி உட்கார்ந்திருக்கிறாள், அவள் கைக்குட்டையில் என் தோட்டையும் மூக்குத்தியையும் முடிந்து வைத்திருக்கிறாள். மூக்குத்தியை நான் கல்யாணத்துக்குப் பிறகு கழற்றியதே இல்லை. என் வீட்டுக்காரர் போனபோது கழற்றச் சொன்னவர்களிடம் திருகு பிடித்துக்கொண்டது என்று சொல்லித் தப்பித்தேன். இன்றைக்கு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. கலாதான் சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கழற்றினாள், அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தபோது கண்ணில் அந்த மஞ்சளைப் பார்த்தேன். அவளுடைய ஈரல் முடிந்துவிட்டது. என்னுடையதில் ஒரு பகுதியை வெட்டி அவளுக்கு வைக்க வேண்டும், மிச்சம் எனக்கு வளர்ந்துவிடுமாம், வைத்தது அவளுக்கும் வளர்ந்துவிடுமாம். ஆனால் என்னுடையதில் கொழுப்பு அதிகம், ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தி வைப்பார்கள். சித்திரையிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன். விஷயம் இவ்வளவுதான், சொன்னால் நாலு வரி, உள்ளே படுத்துக்கொண்டு நினைக்க ஆரம்பித்தால்தான் முடிய மாட்டேன் என்கிறது.

இழுங்க. அடக்குங்க. எங்களுக்குப் பல்லடம் பக்கம், கறிக்கோழிப் பண்ணை. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும், வளர்த்துக் கொடுத்தால் எடைக்குத் தக்கபடி கூலி. எங்கள் தொழிலில் எடையைக் குறைப்பது எப்படி என்று ஒருவரும் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை. தீவனம் எத்தனை மூட்டை இறங்கியது, கோழி எத்தனை கிலோ ஏறியது, இதே பேச்சு, இதே கனவு. ஒரு தடவை ஆசைக்கு நாலு நாட்டுக்கோழிக் குஞ்சைக் கறிக்கோழிகளோடு ஷெட்டில் விட்டேன், கம்பெனி சூப்பர்வைசர் பார்த்திருந்தால் தொலைத்திருப்பார். அதே தீவனம், அதே தண்ணீர், அதே பல்பு வெளிச்சம். கறிக்கோழிகள் மார் கனத்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டன, நாட்டுக்கோழிகள் கம்பிமேல் ஏறி நின்று அவற்றை வேடிக்கை பார்த்தன. அதனால் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டு மரபணு, பரம்பரை என்று மெதுவாக ஆரம்பித்தபோது அவருக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. தீவனமும் இனமும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதேதான், ஆனால் மனிதர்களுக்கு இனம் மட்டுமே முடிவு பண்ணிவிடாது, தீவனத்துக்கும் நிறைய பங்கு உண்டு என்றார். எங்கள் ரத்தத்தில் ஒரு பழுது இருக்கிறது, அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பேர் சொன்னார், மனதில் நிற்கவில்லை. அந்தப் பழுது இருந்தால் சாப்பிட்டதில் மிஞ்சுவது ஈரலில் போய் உட்காரும். அம்மா வயிறு வீங்கித்தான் போனாள். வாயில் ஒரு சொட்டு சாராயம் படாதவள், சாகும்போது ஊர் அவளைக் குடிகாரி என்றுகூடப் பேசியது. கலாவுக்கு வயிறு வீங்கியபோதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் கிடைத்தார். அம்மாவுக்கு, கலாவுக்கு, எனக்கு, மூன்று பேருக்கும் ஒரே பழுது. எனக்கு மட்டும் இன்னும் முற்றவில்லை, கொழுப்போடு நிற்கிறது. எனக்கும் கலாவுக்கும் ரத்த வகை ஒன்று, அதனால் நான் கொடுக்கலாம். எனக்கும் கலாவுக்கும் பழுது ஒன்று, அதனால் கொடுக்க முடியவில்லை. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை, அம்மாவின் போட்டோவைப் பார்த்து ஒரு நாள் முறைத்துவிட்டு வந்தேன்.

விட்டுருங்க. கோழி ஈரலை நான் நிறைய பார்த்திருக்கிறேன். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக இருக்கும், கத்தி பட்டால் சுத்தமாகப் பிரியும். கொழுத்த ஈரல் மஞ்சளாக, தொட்டால் கையோடு வரும். கறிக்கடைக்காரன் அதை ஓரமாகத் தள்ளிவிடுவான். முட்டை நின்ற கோழியை அறுத்தாலும் அப்படித்தான், அடிவயிறு முழுக்க மஞ்சளாகக் கொழுப்பு, முட்டை இருந்த இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டிருக்கும். எனக்கும் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. நின்றபோது நான் சந்தோஷப்பட்டேன், அது உண்மை, தீட்டுத் துணி வேலை இல்லை, கோயிலுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. இடுப்பில் இருந்த சதை வயிற்றுக்கு வந்ததை ரவிக்கை தைக்கிறவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அக்கா, அளவு மாறியிருக்கே என்றாள். டாக்டரம்மா சொல்வதும் அதுதான், அது நின்றால் உடம்பு கொழுப்பை வைக்கிற இடம் மாறிவிடுமாம், கை கால் தசை கரைந்துகொண்டே வருமாம், முப்பது வயதில் இளைக்க வைத்த சாப்பாடு ஐம்பத்தொன்றில் இருக்கிற இடத்திலேயே நிறுத்தும். தீவனம் ஒரு பக்கம், இனம் ஒரு பக்கம், மூன்றாவதாக வயசு வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. இழுங்க என்கிறது. இழுக்கிறேன், ஆனால் நான் வேறொன்றை நினைத்துவிட்டேன், அதை நினைக்கக் கூடாது என்றுதான் கோழியில் ஆரம்பித்தேன், அது கோழி வழியாகவே வந்துவிட்டது. கலா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து யார் கொடுப்பது என்று பேசிய நாள். கலாவின் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குச் சர்க்கரை, அவர் முடியாது. அவள் மகள் யாழினி ஒல்லிக்குச்சி, ரத்தமும் பொருந்துகிறது, நான் தர்றேன் என்று அவள்தான் முதலில் எழுந்தாள், ஆனால் தையில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டில் வயிற்றுத் தழும்புக்கு என்ன சொல்வார்கள். நான் தருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் சென்னியப்பனின் அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கல்யாணமாகாத புள்ளைய எதுக்குக் கெடுக்கோணும்? வசந்தாமணிக்கு என்ன, எல்லாம் நின்னு போச்சு, புருசனும் இல்ல. அவ இனி அந்த ஒடம்ப வெச்சுட்டு என்ன பண்ணப்போறா" என்றாள். யாரும் அதை மறுக்கவில்லை. கலா தலையைக் குனிந்துகொண்டாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். நான் கொடுப்பதாக இருந்ததை, கொடுப்பதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அது என்னுடையதாகவே இல்லை. விட்டுருங்க, விட்டுருங்கம்மா என்று குரல் இரண்டாம் தடவை சொல்கிறது, மூச்சை விட மறந்துபோயிருக்கிறேன்.

சாப்பாடு. சரி, சாப்பாட்டை நினைப்போம், அதில் கொஞ்சம் சிரிக்கலாம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித் தர ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், முதல் நாளே அரிசியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அன்றைக்கே, அப்படியே. மதியம் கீரையும் காயும் ஒரு முட்டையும், சோற்றுப் பானையை அடுப்பில் ஏற்றவே இல்லை, எங்கள் பக்கத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி விரதம் இருக்கிற ஐப்பசி கார்த்திகையில்கூட நான் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. இரண்டு மாதம் கழித்து எடை பார்த்தால் ஒரு கிலோ. ஒரே ஒரு கிலோ. அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்றாள். பலகாரம்தான் என்றேன். என்ன பலகாரம்? சந்தகை. சந்தகையை எதில் செய்வீர்கள் என்றாள். அவள் வேறு ஊர்க்காரி, தெரியாமல் கேட்கிறாள் என்று நினைத்து நிதானமாகச் சொல்லிக் கொடுத்தேன், புழுங்கல் அரிசியை ஊறவைத்து ஆட்டி, வேகவைத்து, கட்டையில் வைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பாலோடு. அரிசி என்ற இடத்தில் எனக்குப் புரியவில்லை, தேங்காய்ப்பால் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் இதுவும் அரிசிதானே என்று நின்றேன். மற்ற நாள் இட்லி. மற்ற நாள் ஆப்பம். அரிசியை விட்டவர்கள் எங்கள் ஊரில் எல்லாரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள், சோறு மட்டும்தான் எங்களுக்கு அரிசி, மற்றதெல்லாம் பலகாரம், பலகாரம் கணக்கில் வராது. அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். கலாவும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்து முடித்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அப்போதுதான் உறைத்தது, அந்த இரண்டு மாதம் என்னுடையது அல்ல. அவளிடம் எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாவு ஆட்டவில்லை. நடந்தேன், காலையில் ஷெட்டைச் சுற்றி, சாயங்காலம் தார் ரோட்டில். தீவன மூட்டையைத் தூக்க ஆள் கூப்பிடாமல் நானே தூக்கினேன், தசை வேண்டுமாமே. ஊரில் ஆளாளுக்கு வைத்தியம், கொள்ளு ரசம், சீரகத் தண்ணீர், வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு, ஒருத்தி பேப்பரில் வந்தது என்று ஏதோ மாத்திரையே கொண்டுவந்தாள். எடை கொஞ்சம் இறங்கியது, நின்றது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி நின்றது. ஒரு காதுகுத்து விருந்தில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்த சென்னியப்பன் தன் இலையைப் பார்க்கவில்லை, என் இலையைத்தான் பார்த்தார். நான் ஒப்புட்டு இனிப்பை ஓரமாக ஒதுக்கியதைப் பார்த்தார், பொரியலை இரண்டாம் தடவை வாங்கியதையும் பார்த்தார். மரியாதையான மனுஷர், நன்றாகச் சாப்பிடுங்க என்றுகூடச் சொன்னார். கோழிக்கு எடை ஏறாவிட்டால் கம்பெனிக்காரன் முதலில் தீவனத்தை நாங்கள் விற்றுவிட்டோமோ என்றுதான் பார்ப்பான். எடை இறங்காவிட்டால் மனுஷியை அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. இன்றைக்கும் கொழுப்பு இறங்கியிராவிட்டால் நான் ஒளித்து வைத்துத் தின்றேன் என்றுதான் அந்த வீட்டில் பேச்சு இருக்கும். தங்கச்சி சாகட்டும் என்று தின்றாள். இழுங்க, அடக்குங்க.

வருகிறது. அந்தச் சூடுதான், முதுகில் ஆரம்பிக்கிறது, எப்போதும் முதுகில்தான், கழுத்துக்கு ஏறுகிறது, காது கொதிக்கிறது. இப்போதா வரவேண்டும். தீட்டு நின்ற இந்த இரண்டு வருஷமாக இது வருகிறபோதெல்லாம் நான் ஷெட் வாசலுக்கு ஓடிப் படுதாவைத் தூக்கிவிட்டு நிற்பேன், இங்கே தூக்க என்ன இருக்கிறது. வேர்வை காதுக்குள் இறங்குகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் மெஷின் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்கிறது. சித்திரை வெயிலில் கோழிகள் இப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும், முதலில் விழுவது கொழுத்ததுதான். ரப்பர் பந்து கையில் இருக்கிறது. அமுக்கலாம். அமுக்கினால் தப்பில்லை, முடியவில்லை என்றால் அமுக்கச் சொன்னதே அவர்கள்தான், இன்றைக்குப் படம் எடுக்க முடியவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள், அடுத்த வாரம் வரைக்கும் வயிற்றை யாரும் கிழிக்க மாட்டார்கள். ஓ. இதுவா. இதற்குத்தானா இவ்வளவு நேரம் கோழியையும் சந்தகையையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். குறைந்திருக்குமா குறைந்திருக்குமா என்று சித்திரையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், குறைந்திருக்க வேண்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. குறைந்திருந்தால் இந்த மாதமே ஆபரேஷன். டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார், கொடுக்கிறவர்களுக்கு ஆபத்து கொஞ்சம்தான் என்றார், கொஞ்சம் என்றால் யாரோ ஒருத்திக்கு வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. இதைச் சொன்னால் சென்னியப்பனைப் பெற்ற அந்தக் கிழவி சிரிப்பாள், இருந்து என்ன பண்ணப்போறே என்பாள். என்ன பண்ணுவேன், அடுத்த குஞ்சு இறக்குவேன், சாயங்காலம் வாசலில் கட்டிலைப் போட்டு ரேடியோ கேட்பேன், மூக்குத்தியைத் திருப்பி மாட்டிக்கொள்வேன். அவ்வளவுதான். அவ்வளவுக்காகத்தான் எனக்கு உடம்பு வேண்டும். கலாவும் வேண்டும். இரண்டும் ஒரே அளவுக்கு வேண்டும், எடை போட்டால் முள் நடுவில் நிற்கிறது, அது என்னை எந்தப் பக்கமும் தள்ளவில்லை. சூடு கன்னத்தில் உச்சத்துக்குப் போகிறது. இதுவரை உச்சத்துக்குப் போன சூடு எதுவும் இறங்காமல் இருந்ததில்லை, அதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். விட்டுருங்க. கடைசி தடவைம்மா, இன்னொரு மூச்சு என்கிறது குரல். பந்தை விட்டுவிட்டு விரித்த கையோடு அந்த மூச்சை இழுத்து அடக்குகிறேன்.

டாக்டரம்மா மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னார். குறைந்திருக்கிறது, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, எடையைப் பார்த்தால் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது, தராசு காட்டாததை ஈரல் காட்டியிருக்கிறது என்றார். ஆனால் அவர்கள் வைத்த அளவுக்குக் கீழே இன்னும் வரவில்லை. நான் என்னென்னவோ சாப்பிட்டிருப்பேன் என்று யாரும் சொன்னால் அவர்களை நேராகத் தன்னிடம் அனுப்பச் சொன்னார், இந்த வயதில், இந்த ரத்தத்தில், இவ்வளவு இறக்கியதே பெரிது என்றார். இன்னும் ஒரு மாதம் இதே மாதிரி இருந்தால் வந்துவிடும், கலா அதுவரை தாங்குவாள் என்றுதான் தோன்றுகிறது, மோசமானால் உடனே வந்துவிட வேண்டும் என்றார். கலா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், பிறகு என் கையைப் பிடித்துக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ராத்திரியிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளே வரிசையில் நின்று ஒரு தட்டில் பூரியும் கிழங்கும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள், எண்ணெய் பளபளத்தது. ஒரு பூரியைப் பிட்டு வாயில் போட்டேன், அது இறங்கும்போது வயிற்றில் ஒரு நிம்மதி பரவியது. பூரிக்கு மட்டும் வந்த நிம்மதி இல்லை அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மாதம் இல்லை, ஒரு மாதம் இருக்கிறது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், கலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்கத் தெம்பில்லை.

"எனக்குப் பயமா இருக்குது கலா" என்றேன். "குடுக்க மாட்டேன்னு இல்ல. பயமா இருக்குது."

"தெரியும்க்கா" என்றாள். இறுகிப்போன கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "நீ உள்ள போனதுலருந்து, கொறஞ்சிருக்கக் கூடாது சாமின்னுதான் நான் வேண்டிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு என்ன வேணாலும் ஆகட்டும், உன்னையப் போட்டு அறுக்கறத நான் பாக்க மாட்டேன். விட்ருக்கா. நீ சாப்புடு."

நான் அவளைப் பார்த்தேன். வீங்கிய கால், வற்றிய கை, மஞ்சளித்த கண். எல்லாரும் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்த இத்தனை மாதத்தில், எனக்காகப் பயந்தவள் இவள் ஒருத்திதான், அதுவும் தன் உயிரைப் பணயம் வைத்து. எனக்குக் கோபம் வந்தது, எரிச்சலான கோபம், சின்ன வயதில் அவள் தன் பங்கை எனக்குத் தள்ளிவிட்டுப் பசியில்லை என்று பொய் சொல்லும்போது வருகிற கோபம். யார் கொடுப்பது என்று பேசிய அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை. ஆனால் இப்போது எதிரே இவள் மட்டும்தான் இருந்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், இனி கொடுத்தால் அது நான் கொடுப்பதுதான். வாயில் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு, மிச்சப் பூரியோடு தட்டை மேஜையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினேன்.

"அடுத்த மாசம் சாமிகிட்ட அப்படி வேண்டாத" என்றேன்.